அடிப்பாதியும் நுனிப்பாதியும்

பெரம்பலூரிலிருந்து எறையூர் வரும் பஸ்ஸில் இன்று காலை கரும்பு வாசனை. முன்னால் ஒரு டிராக்டர் சுமையோடு, வழிவிடாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆலையில் அரவை தொடங்கிவிட்டது. நீ போன பிறகு வரும் முதல் அரவை. பக்கத்து சீட்டில் என் பை இருந்தது. "ஆள் வருதாங்க?" என்று யாரோ கேட்டபோதுதான், உனக்காக இடம் பிடித்திருக்கிறேன் என்று உறைத்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இதே மாதிரி ஒரு டிராக்டரில் கேட்டு வாங்கிய கரும்போடுதான் அன்று ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தப் போனாய். நானும் கணக்கு டீச்சர்தான். பக்கத்து அறையில் ஏழாம் வகுப்பு எனக்கு. நடுவில் அரைச்சுவர்தான் என்பதால் உன் பாடம் முழுக்க என் காதில் விழும். டேப் வைத்து அளந்து, சரிபாதியாக வெட்டி, இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினாய். "இது அரை. இதுவும் அரை. ரெண்டும் சமம்."

கரும்பு வெட்டப் போகிறவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அது எப்படி டீச்சர்? அடிப்பாதி இனிக்கும், நுனிப்பாதி சப்புன்னு இருக்கும். எனக்கு நுனியக் குடுத்துட்டு சமம்னு சொன்னா நான் வாங்கிக்க மாட்டேன்."

வகுப்பே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மதியம் சும்மா விடுவேனா? "போர்டுல ஒண்ணு கீழ ரெண்டுன்னு எழுதிப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல? கரும்பாம் கரும்பு!"

நீ சிரிக்கவில்லை. "அவ சொன்னது சரிதான்டி. நான் நீளத்தக் காட்டுனேன், அவ இனிப்பப் பாத்தா. எதப் பாக்கணும்னு நான் சொல்லவே இல்லையே."

மறுநாள் அந்தக் கரும்பின் நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, அந்தப் பெண்ணையே மடிக்கச் சொன்னாய். பிறகு பட்டையைப் போர்டில் வைத்துக் கோடு இழுத்து, கோட்டின் நடுவில் அரை என்று எழுதவைத்தாய். "கரும்பு, பட்டை, கோடு, எழுத்து. எதுலேர்ந்தும் எதுக்கும் போயிட்டு வரத் தெரியணும். ஒண்ணுலயே உக்காந்துட்டா கணக்கு வராதுடி" என்பாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் சாப்பாட்டு நேரமெல்லாம் இந்தச் சண்டையிலேயே போயிற்று. அரவை நாட்களில் நடுவில் ஒரு கரும்பும் இருக்கும். உடைத்து அடிப்பாதியை என்னிடம் நீட்டுவாய். "உனக்குத்தான் பல்லு கெட்டியா இருக்கு." நானும் வாங்கிக்கொள்வேன்.

இப்போது இரண்டு வகுப்பும் எனக்குத்தான்; என் அறையிலேயே சேர்த்து உட்காரவைத்திருக்கிறேன். இன்று ஆறாம் வகுப்புக்குப் பின்னம். போர்டில் நீளமாக ஒரு பட்டை வரைந்து, பாதிக்குச் சாக்பீஸ் பூசிவிட்டு, "என்ன பாக்குறீங்க?" என்று கேட்டேன். உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட கேள்வி. எதை வரைந்தாலும் அதைக் கேட்காமல் இப்போதெல்லாம் என்னால் நகர முடிவதில்லை. "பாதி வெள்ளையடிச்ச செவுரு டீச்சர்" என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டே உன்னிடம் சொல்ல அரைச்சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். அந்தப் பக்கம் காலி பெஞ்சுகள். என்னோடு சண்டை போட இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளே இல்லை. தனியாக இருக்கிறதடி.

சாயங்காலம் பிள்ளைகள் என் மேஜையில் ஒரு கரும்பை வைத்துவிட்டுப் போனார்கள். உடைத்தேன். பழக்கத்தில் அடிப்பாதியை வாய்வரை கொண்டுபோனவள், அதைக் கீழே வைத்துவிட்டு நுனியைக் கடித்தேன். சப்பென்றுதான் இருந்தது. வருஷா வருஷம் இதைத்தான் தின்றாயா நீ?