இரண்டாவது கேன்

ஆரம்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

என் செல்ல மகள் சுகிர்தாவுக்கு அப்பா சாலமோன் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். கோயம்புத்தூர் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கடிதம் கொண்டுவரும் அந்தோணி மாமாவிடம் ஒரு கேன் இருக்கும். முதலில் அதை வாங்கி வை. பஸ்ஸில் மறந்துவிட்டு வருகிற ஆள் அவர்.

போன வாரம் போனில், நம்ம கிணத்துத் தண்ணியில சாயமே இல்லப்பா, மினரல் வாட்டர் மாதிரி இருக்குது என்று குதித்தாயே. மாதிரி இல்லம்மா, அதேதான். முதல் தடவை உனக்கு அனுப்பிய கேனில் கடைத் தண்ணீரைத்தான் வாங்கி ஊற்றினேன். பல வருஷமாக நாம் இறைக்காத கிணறு, வாளியில் வந்தது டிகாஷன் நிறத்தில் இருந்தது. படித்தவர்கள் பார்க்கிற உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு இதையா அனுப்புவது என்று, பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி செய்துவிட்டேன். பத்தாவது பெயிலான மூளை.

ஆனால் நீ சொன்னதை அம்மா தெருவெல்லாம் பரப்பிவிட்டாள். நேற்று பக்கத்து வீட்டு விக்டோரியா குடத்தோடு வந்து, இன்னா அண்ணே, சுகிர்தாவே நல்ல தண்ணின்னு சொல்லிச்சாமே என்றாள். கயிறு அறுந்துபோச்சு என்று பொய் சொல்லி அனுப்பினேன். இன்று காலை கோயில் வாசலில் அவளிடமும் அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். இனி நீதான் பாக்கி.

சின்ன வயசில் ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்துக்கினு போவாய். கருப்புத் தூள் தாடியாக ஒட்டும். அப்பாவும் காந்தமும் ஷேவ் பண்ணணும் என்பாய். இப்போது சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய அந்த மாதிரித் தூளை நீயே செய்கிறாய். பொடிப்பொடி ஓட்டையுள்ள கரி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், கரியில் இரும்பு இருப்பதால் காந்தம் அதை வெளியே இழுத்துவிடும். எனக்கு இது புரிய மூன்று போன் ஆனது.

மழை நாளில் நம் வீட்டுப் பக்கத்து வாய்க்கால் சிவப்பாக ஓடும். எங்க அப்பாதான் கலர் அடிக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசிவிட்டு வந்தாய். விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சொன்னது சரிதான். சாயக் கம்பெனியில் மழை பெய்தால் கழிவு வால்வைத் திறப்பது என் வேலை. பதினோரு வருஷம் திறந்தேன். வாய்க்காலுக்கும் நம் கிணற்றுக்கும் நாற்பது அடி என்று தெரிந்தேதான் திறந்தேன். வெள்ளையடித்ததற்கு முழுக் காரணம் அதுதான்.

வெள்ளிக்கிழமை கொடுக்கும் அறிக்கையில் நம் கிணறு சுத்தம் என்று எழுதிவிடாதே. இந்தக் கேனில் இருப்பதுதான் நம்முடையது. உன் தூளைப் போட்டுக் காந்தம் வைத்த பிறகு கிளாஸை வீடியோவில் காட்டு. தெளியாவிட்டாலும் காட்டு.

கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. என் கைவேலையை அது கழுவட்டும்.

உன் அப்பா,
சாலமோன்