அழிந்துபோன கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

தோகாவிலிருந்து சிலம்பரசன். நான் சுகம். இருமல் குறைந்ததா? சோறு இறங்குகிறதா?

போனில் பேச வாய் வரவில்லை, எழுதுகிறேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் டாக்டரைப் புதுச்சேரியில் தேடிப் பிடித்தவன் நான். தோல் எரிகிறது என்றதும், உப்பளத்தில் கால் எரிந்தால் தடவுவதுபோல நெஞ்சில் எண்ணெய் தடவச் சொன்னவனும் நான்தான். கதிர் பாய வேண்டிய இடத்தில் அவர் மையால் போட்டிருந்த கோடு எண்ணெயில் அழிந்து, மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் போன நீங்கள் அன்று சிகிச்சையில்லாமல் திரும்பினீர்களாம். டாக்டர் திட்டியதற்கு, “நானாத்தான் தடவிக்கினேன் சார்” என்றீர்களாம். தங்கச்சி ரேணுகா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுக்கோடு போட்டதும் ரேணுகாவிடம் சொல்லி உங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் முகமும் தெரியட்டும்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. டாக்டரிடம் என் நம்பரைக் கொடுங்கள் அப்பா. அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது.