புள்ளிக்கோட்டுக் கம்பி

1956 மார்ச் 5, திங்கள்

சூளகிரிப் பள்ளிக்கூட வேலையில் இன்று முன்வாசல் சஜ்ஜாவுக்குக் கான்கிரீட் போட்டோம். சுவரிலிருந்து ஐந்தடி வெளியே நீட்டி நிற்கப்போகிற கூரை. மேஸ்திரி நாராயணப்பனுக்குக் கம்பி வளைக்கத் தெரியும், பிளான் படிக்க வராது. எட்டாவது வரை படித்த எனக்கு அது வரும். அரை அங்குலக் கம்பி, ஆறு அங்குலத்துக்கு ஒன்று, புள்ளிக்கோடு போட்டிருக்கிறது, அதனால் அடியில் என்றேன். அடியில் கட்டினார். போன வருஷம் மண் சுமந்தவன் விரல் காட்டுகிற இடத்தில் இன்று கம்பி போகிறது. கொஞ்சம் தலைக்கனம்தான்.

மார்ச் 8

சஜ்ஜாவுக்குத் தண்ணீர் விட்டோம். வேறொன்றுமில்லை.

மார்ச் 13, செவ்வாய்

உள்ளறைக் கூரைக்குச் சேலத்திலிருந்து அடுத்த பிளான் தாள் வந்தது. ஓரத்தில் குறிப்பு: முழுக்கோடு அடிக்கம்பி, புள்ளிக்கோடு மேல்கம்பி.

மூன்று தடவை படித்தேன். அஸ்திவாரத் தாளில் மண்ணுக்குள் இருப்பதெல்லாம் புள்ளிக்கோடு. அதே நினைப்பில் சொல்லிவிட்டேன். யாரையாவது கேட்டேனா? தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நீட்டிக்கொண்டிருக்கிற கூரையில் பாரம் ஏறினால் மேல்பக்கம்தான் இழுபட்டுப் பிளக்கும். அங்கே ஒரு கம்பிகூட இல்லை.

மார்ச் 15

கான்கிரீட் நன்றாக இறுகிவிட்டால் தாங்குமோ? தாங்காது. தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

மார்ச் 18, ஞாயிறு

சொல்லிவிடலாம் என்று மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். பீடி கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். சே, நானெல்லாம் ஒரு ஆளா?

மார்ச் 24, சனி

சஜ்ஜாவை அடியிலிருந்து தாங்கி நிற்கிற முட்டுக் கம்புகளைத் திங்களன்று உருவுகிறார்களாம். என் வீட்டுக்காரி முனிலட்சுமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளும் அங்கே சித்தாள்தான். மறுபடி மண் சுமக்கணும், எல்லாரும் சிரிப்பாங்க என்றேன். அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "முட்டு உருவுனா கீழ பலகை பொறுக்கறது நானும் சாந்தம்மாவுந்தான்."

இத்தனை நாளும் என் பேர் போவதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 26, திங்கள்

விடிந்ததும் சொல்லிவிட்டேன். மேஸ்திரி முட்டுகளை யாரும் தொடக் கூடாது என்று நிறுத்தி, சேலத்து இன்ஜினியருக்கு ஆள் அனுப்பினார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேருமா போய்க் கேட்டிருப்பமேடா" என்றார். அடித்திருக்கலாம்.

மார்ச் 29, வியாழன்

இன்ஜினியர் வந்து மேலே உளி வைத்துக் கொத்தச் சொன்னார். மூன்று அங்குலம் போயும் கம்பி தட்டுப்படவில்லை. முட்டு நிற்கும்போதே உடைத்தெடுக்க உத்தரவு. என்னைக் காட்டி, இந்த ஆஞ்சப்பன் கையில் இனி பிளான் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 4, புதன்

நானே சம்மட்டி பிடித்து உடைக்கிறேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

மதியம் மேஸ்திரி பிளானோடு சாரம் ஏறி வந்தார். எனக்குக் காட்டக் கூடாதே என்றேன். ஏறி வந்தாகிவிட்டது, படி என்றார். கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பில் விரல் வைத்துப் படித்தேன். கம்பி மேலே என்றேன். சுவருக்குள் எத்தனை அடி போகணும் என்று கேட்டார். அந்த இடத்தில் எழுத்து மங்கியிருந்தது.

"தெரியல மேஸ்திரி. கேட்டுட்டுக் கட்டலாம்" என்றேன்.