வெறுங்கையோடு வா

மகன் வெற்றிவேலுக்கு,

மருமகள் எழில்மதியை அறுவைப் பிரசவத்துக்குக் கள்ளக்குறிச்சி அழைத்துச் செல்கிறேன். இரட்டையரில் முதற்பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவர் சொல்லியும் நீ கேட்கவில்லை. "எங்கம்மா என்னை வூட்லயே பெத்துச்சி. உன் வவுத்த கீறணும்னா நானே கீறிடறன்டி" என்று கரும்புக் கத்தியை நிறைசூலியின் வயிற்றில் வைத்தாயே!

உன்னிடம் சொன்னதில்லை. வீட்டில் நான் ஒரே பேற்றில் பெற்றது இருவரை. உன் பின்னவன் குறுக்கே கிடந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டினான். பிடித்து இழுத்தார்கள், தோள் பிய்ந்து மாண்டான். நஞ்சுண்ட பெருமான் எனக்கு விட்டுவைத்தது உன்னை மட்டுமே.

கத்தியைக் கிணற்றில் எறிந்துவிட்டேன். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டு.

அம்மா

பி.கு: சோறு வடித்திருக்கிறேன், உண்டு வா. பிள்ளை பார்க்க வெறுங்கையோடு போகலாகாது என்பார்கள். நீ வெறுங்கையோடே வா.