ஆண் மாணவர்கள் என்றால் என் மகன் ஒருவன்தான் என்பது குறித்து

அனுப்புநர்:
மில்லுக்கார அம்மா,
மாவு மில்,
அரசு தொடக்கப் பள்ளிக்கு நேர் எதிரே.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
மாவட்டக் கல்வி அலுவலகம்.

பொருள்: ஆண் மாணவர்களின் தேர்ச்சி பூஜ்யத்திலிருந்து நூறு சதவீதம் ஆனது – நூறுக்காக ஆசிரியைக்கு விருதும் பூஜ்யத்துக்காக இடமாறுதலும் ஒரே தபாலில் வந்தன – இடமாறுதலை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து குலுங்கியிருந்தால் பொறுத்தருள வேண்டும். காலையில் தபால் வந்ததிலிருந்து எங்கள் தெருவே இப்படித்தான் இருக்கிறது.

1. எங்கள் பள்ளியில் ஒரே ஆசிரியை, ஒன்பது பிள்ளைகள். எட்டுப் பேர் பெண்கள், மிச்சம் என் மகன். ஆகவே தங்கள் அலுவலகத் தாள்களில் "ஆண் மாணவர்கள்" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அவனைத்தான் குறிக்கிறது. முதலில் நானே அது ஏதோ பெரிய கூட்டம் என்று நினைத்துவிட்டேன்.

2. கணக்குத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ஒரு மாவு மில்லில் ஒரு மணி நேரத்தில் இருபது கிலோ அரைத்தால், அறுபது கிலோ அரைக்க எவ்வளவு நேரமாகும் என்று. என் மகன் எழுதிய விடை: "கரண்டு இருந்தாத்தான் சொல்ல முடியும். கோதுமையா, சோளமா?" அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை ஐயா. கழித்தலிலும் கோட்டை விட்டிருந்தான். இரண்டு மதிப்பெண்ணில் தேர்ச்சி போய்விட்டது.

அதன் பலனாக வந்த அறிக்கை: "மாணவிகள் தேர்ச்சி நூறு சதவீதம். ஆண் மாணவர்கள் பூஜ்யம் சதவீதம். ஆண் மாணவர்கள் பெரிதும் பின்தங்கியுள்ளனர்." டீச்சர் இதைப் படித்துக் காட்டியபோது அவன் என்னிடம், "ஏம்மா, பின்தங்கினது நான் மட்டுமா, இல்ல எல்லாருமா?" என்று கேட்டான்.

3. காரணத்தை ஆராயத் தாங்கள் இரண்டு அதிகாரிகளை அனுப்பினீர்கள். நல்ல மனிதர்கள். காற்றில் பறந்த மாவெல்லாம் அவர்கள் சட்டையில் படிந்தும் முகம் சுளிக்கவில்லை. வகுப்புக்குள் போய், "ஆண் பிள்ளைங்க எல்லாரும் கை தூக்குங்க" என்றார்கள். என் மகன் இரண்டு கைகளையும் தூக்கினான். ஒன்று மட்டும் தூக்கினால் கொஞ்சமாகத் தெரியுமாம்.

பிறகு ஆண் மாணவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்து விவாதிக்க வேண்டும் என்றார்கள். படிவத்தில் அப்படித்தான் இருந்ததாம், அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள். அவன் இந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு, எழுந்து போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்து அதை மறுத்திருக்கிறான். கடைசியில் இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டதாகக் கேள்வி. குழுவின் அறிக்கையில், "ஆண் மாணவர்களிடையே ஒற்றுமை போதவில்லை" என்று எழுதப்பட்டது.

4. "ஆண் மாணவர் எண்ணிக்கை குறைவதற்கான காரணம்" என்ற இடத்தில் அவர்கள் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். என் மில் வாசலில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். தினமும் காலையில் ஒரு மஞ்சள் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, இந்தத் தெருவின் ஆண் பிள்ளைகளை எல்லாம் டவுனில் உள்ள கட்டணப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. அக்கா தங்கைகள் அவர்களுக்கு டாட்டா காட்டிவிட்டு, ரோட்டைத் தாண்டி இந்தப் பள்ளிக்கு வருகிறார்கள். நூறு சதவீதம் தேர்ச்சி பெற்றது அந்த டாட்டா காட்டுகிற பிள்ளைகள்தான்.

5. மறுதேர்வுக்காக டீச்சர் ஒரு மாதம் பள்ளி விட்டதும் மில்லுக்கே வந்து, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். "டேய், கேள்வியில வர்ற மில்லுல எப்பவும் கரண்டு இருக்கும்னு வச்சுக்கடா" என்றார். அவன் வாயைப் பிளந்துவிட்டான். "அந்த மில்லு எங்க இருக்கு டீச்சர்? அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். எனக்கும் ஆசைதான் ஐயா. எப்படியோ தேறிவிட்டான். ஆண் மாணவர்கள் நூறு சதவீதம்!

6. இன்று இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில், ஆண் மாணவர்களின் தேர்ச்சியை ஒரே மாதத்தில் பூஜ்யத்திலிருந்து நூறாக உயர்த்தியதற்காக டீச்சருக்கு விருது. மற்றதில், ஆண் மாணவர்கள்மீது அக்கறை காட்டாததற்காக அவருக்கு இடமாறுதல். இரண்டிலும் தங்கள் கையெழுத்து. டீச்சர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். சிரிப்பு தாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள், சத்தம் கேட்டுத் தெருக்காரர்கள் நாங்களும் போய்ச் சேர்ந்து சிரித்தோம், தபால்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை யார் வருவார்கள் என்று யாரோ கேட்டார்கள். மாற்று ஆசிரியர் பின்னர் நியமிக்கப்படுவார் என்று உத்தரவில் இருக்கிறது. அப்போது கணக்கில் முதலாவதாக வந்த பெண்ணின் அம்மா என் பக்கத்தில் வந்து, "பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டா இவளை மில்லுல சேர்த்துக்குவீங்களா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. பூட்டிவிட்டால் என் மகனுக்காக எப்படியாவது அந்த வேனில் ஓர் இடம் பிடித்துவிடுவேன். அந்த எட்டுப் பேருக்காக எந்த வேனும் நிற்காது.

ஆகவே, எங்கள் டீச்சரின் இடமாறுதலை உடனே ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். விருதையும் திரும்பப் பெற்றால்தான் இடமாறுதலை ரத்து செய்ய முடியும் என்று விதி இருந்தால், விருதைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். டீச்சரை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

இடம்: மாவு மில்
நாள்: வெள்ளிக்கிழமை, கரண்டு போன நேரம்

மாவு படிந்த கையோடு,
மில்லுக்கார அம்மா

இணைப்பு:
1. மாணவிகள் எட்டுப் பேரின் கையெழுத்து.
2. ஆண் மாணவர்கள் அனைவரின் கையெழுத்து. இம்முறை ஒற்றுமையாகப் போட்டிருக்கிறார்கள்.