சட்டையில் ஒரு சிவப்புப் பட்டன்

மார்ச் 3, செவ்வாய்

அந்தப் படத்தை எடுத்தவன் பொய்யன். பல வருஷமாக என் அக்காவை ஏமாற்றிக்கொண்டிருக்கிறான்.

இன்று கிடங்கில் பெட்டி கட்டிக் கட்டி இடுப்பு ஒடிந்து வீட்டுக்கு வந்தால், அவள் கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து மறுபடியும் அதையே பார்க்கிறாள். கதாநாயகன் வானொலியில் வானிலை வாசிப்பவன். அவன் சொல்வது ஒருநாளும் பலிக்காது. கதாநாயகி சலவைக்கடையில் வேலை பார்ப்பவள். அவனைத் திரும்ப வரவழைக்க, வேண்டுமென்றே அவன் சட்டையில் ஒரு சிவப்புப் பட்டனைத் தைத்துவிடுகிறாள். அவன் சண்டைக்கு வருகிறான். அடுத்த சட்டையிலும் சிவப்புப் பட்டன். மறுபடி சண்டை. அப்படியே காதல். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத படம்.

அக்காவுக்கும் சலவை வேலைதான். பெரிய ஹோட்டலில், தரைக்குக் கீழே.

"அந்தக் கடையில எத்தனை ஜன்னல் பாரு. உன் இடத்துல ஒண்ணாவது இருக்கா? சோப்புத் தண்ணியில அவ கை ஏன் வெடிக்கல?" என்றேன்.

"டேய் புரட்சி, வாயை மூடிட்டுப் பாரு. இப்ப முதலாளி வருவான்."

படத்தில் அந்தச் சலவைக்கடை முதலாளிக்கு ஒரு காது கேட்காது. எல்லாரும் அந்தக் காதில் அவனைத் திட்டிவிட்டு, மறு காதில் வணக்கம் சொல்வார்கள். அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்ததை அடக்கினேன் என்பதுதான் சரி.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா அடுத்தவர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தே செத்தவள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அந்தக் காதுக் காட்சிக்கு. விக்கல் வரும்வரை சிரித்தாள். அக்காவும் நானும் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் அந்த இடம் வரும்போது அக்கா திரையைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் அம்மா உட்காரும் இடத்தைப் பார்க்கிறாள்.

மார்ச் 14, சனி

ஹோட்டல் வாசலில் கதவு திறந்துவிடும் ஆள் ஒருவன். எல்லாரும் அவனை 'சல்யூட்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அவனுடைய வெள்ளைச் சீருடை சலவைக்கு அக்காவிடம்தான் வருகிறது. இவள் என்ன செய்திருக்கிறாள் — வலது கை மணிக்கட்டில் இருந்த வெள்ளைப் பட்டனைப் பிய்த்துவிட்டுச் சிவப்பு ஒன்றைத் தைத்திருக்கிறாள்!

"உனக்கு என்ன, பைத்தியமாக்கா?"

"கீழ இறங்கி வந்தாருடா. 'ஏங்க, சிவப்பு சிக்னல் விழுந்திருக்கே, நான் நிக்கணுமா போகணுமா?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"நின்னா நல்லதுதான்னேன்." முகத்தை மூடிக்கொண்டாள். "மாத்தித் தரவான்னும் கேட்டேன். வேணாம், இருக்கட்டும்னுட்டார்."

"அது என்ன வலது கை? சல்யூட் அடிக்கிற கையாச்சே, ஊரே பார்க்குமே?"

"அதுக்குத்தான். நான் நாள் பூரா கீழ கிடக்கிறேன். என்னோட ஒண்ணு மேல வெயில்ல நிக்கட்டுமே."



மார்ச் 20, வெள்ளி

பாடிக்கொண்டே சமைக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

அக்காவுக்கு வேலை போய்விட்டது.

ஹோட்டல் முதலாளி குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறார். வாசலில் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் சல்யூட்டின் தூக்கிய கை. மணிக்கட்டில் சிவப்பு. மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். சீருடையில் கைவைப்பது ஹோட்டல் சொத்தைச் சேதம் செய்வதாம். சல்யூட் சொன்னானாம்: "இந்தப் பொண்ணு ரொம்ப நாளா தொந்தரவு பண்ணுது சார்."

"அப்படியேவா சொன்னான்?"

"ம். என்னைப் பார்க்காமதான் சொன்னார்."

தொந்தரவாம்! இருக்கட்டும்னு சொன்னது எந்த வாய்? இறங்கி வந்து பல்லைக் காட்டினது யாரு? ஒரு பட்டன்டா. ஒரே ஒரு பட்டன். அதுக்கு ஒருத்தி சோத்துல மண்ணள்ளிப் போடுவீங்களா?

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 27, வெள்ளி

அவனை அடிக்கத்தான் போனேன்.

முன்வாசலுக்கே போனேன். யார் என்று பார்க்காமல் எனக்கும் சல்யூட் அடித்தான். கிடங்குச் சட்டையில் இருக்கும் எனக்கு! வாழ்க்கையில் எனக்கு யாரும் சல்யூட் அடித்ததில்லை. "சலவையில இருந்த பொண்ணோட தம்பி நான்" என்றேன். கை இறங்கவே இல்லை, நெற்றியிலேயே நின்றது.

"தம்பி, வாசல்ல வேணாம். கேமரா இருக்கு."

"அவ தொந்தரவு பண்ணினாளா?"

"ரெண்டு பேருல ஒருத்தர் போகணும்னாங்க. எனக்கு ரெண்டு குழந்தை... இல்ல தம்பி, என் தங்கச்சியோட குழந்தைங்க. நான்தான் பார்த்துக்கறேன்."

"அதை அவகிட்ட வந்து சொல்லுங்க."

வாயைத் திறந்தான். அதற்குள் ஒரு கார் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். ஓடும்போது பார்த்தேன், நாள் முழுக்க நின்று கால் வீங்கி, ஷூவுக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பார்த்த பிறகு எப்படி அடிப்பது? அடிக்க வேண்டியவன் பத்தாவது மாடியில் இருக்கிறான். என்னை லிஃப்ட் பக்கம்கூட விடமாட்டார்கள்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் அந்தப் படத்தால வந்த வினை" என்றேன்.

அக்கா துணி மடிப்பதை நிறுத்தினாள். "அது பொய்னு எனக்குத் தெரியாதாடா? பெரிசா நீதான் கண்டுபிடிச்சியா? அந்தப் படத்துல யாரும் யாரையும் வேலையை விட்டுத் தூக்கமாட்டாங்க. அதுக்குத்தான்டா பார்த்தேன்."

பிறகு எதுவும் நடக்காதது போல மடித்தாள். விளிம்பும் விளிம்பும் சேர்த்து, ஹோட்டலில் மடிப்பது போலவே.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்காவுக்கு வேறு ஊரில் நூல் ஆலை வேலை. தங்குமிடமும் அங்கேயே. பேருந்து நிலையம் வரை போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பேசியில் இடமே இல்லை என்று சொல்லி எதையெதையோ அழித்துக்கொண்டிருந்தாள். எதை என்று நான் கேட்கவில்லை.

"வேளைக்குச் சாப்பிடு. யார்கிட்டயும் வம்புக்குப் போகாதே."

அவ்வளவுதான்.

மே 3, ஞாயிறு

அக்கா பேசினாள். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லாத்தான்டா இருக்கேன்.

மே 17, ஞாயிறு

பகல். டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே போனேன். அந்தப் படம்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். "அப்படியா? ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் வந்தேன், தூங்கணும்டா" என்று வைத்துவிட்டாள். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஆலை இரைச்சலில் இருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்களோ?

தனியாகப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் முழுதாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கடைசியில் அந்த வானிலைக்காரன் வானொலியில் வாசிக்கிறான்: "நாளை மழை வராது. ஆனாலும் குடை எடுத்து வாருங்கள், எனக்குக் கல்யாணம்." வெயில் கொளுத்துகிறது. ஊரே குடையோடு வந்து நிற்கிறது. இவன் பேச்சை ஒருநாளும் நம்பாத ஊர்! பச்சைப் பொய். நான் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டுவதற்கு முன் விளம்பரம் போட்டபோது அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.

அக்கா, நம்ம படம் இன்னும் முடியல.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது.

ஹாஸ்டல்ல டிவி இருக்குன்னியே. எழுந்து போய்ப் போடு.

அதையும் பார்த்துவிட்டாள்.

நீ சிரிக்க வேணாம். சும்மா பார்த்தா போதும். போடுக்கா.