சூடு தெரியாத கால்

நைனா,

இன்று பள்ளி விட்டு வரும்போது, பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வண்டிக்காரர் இரும்புச் சட்டியில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். சுட்ட மணலின் வாசனை மூக்கில் ஏறியதும் என் புத்தகப்பை நழுவிக் கீழே விழுந்துவிட்டது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. அந்த வாசனை மட்டும் நேற்று வறுத்தது போல இருக்கிறது.

நீ போவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒருநாள், கடலோடு சேரும் நம் ஏரியில் மீன் பிடித்துவிட்டு நொண்டிக்கொண்டு வந்தாய். "திருக்கை முள்ளு குத்திச்சினு நெனைக்கிறேன். காலு விண்ணு விண்ணுங்குது" என்றாய். காயம் எதுவும் என் கண்ணில் படவில்லை. திருக்கை மீன் குத்தினால் நம் ஊரில் சூடு வைப்பார்கள். அதன் விஷம் சூட்டில் அடங்கும் என்று நானும் நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஊரும் புத்தகமும் ஒன்றையே சொல்கின்றன என்று எனக்கு ஒரே பெருமை. மீன் விற்கப் போயிருந்த அம்மா வருவதற்குள், மணலை வறுத்துத் துணியில் கட்டி உன் பாதத்தில் வைத்தேன்.

"சூடே தெரியலடி. இன்னும் கொஞ்சம் போடு."

இன்னொரு சட்டி வறுத்துப் போட்டேன். மறுநாள் உன் பாதம் முழுக்கக் கொப்புளம். கட்டைவிரல் நீலம் பாரித்திருந்தது. நீ அதை யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சென்னை ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் டாக்டர் உன் பாதத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இங்க துடிப்பே இல்ல" என்றார். தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, முள் எதுவும் குத்தவில்லை, ரத்தம் போகாத கால் மரத்துப்போயிருந்தது, அதனால்தான் வெந்தது தெரியவில்லை என்று விளக்கினார். பிறகு நிமிர்ந்து, "சூடு வச்சது யாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நான்தான் சார் வச்சுக்கினேன். புத்தி இல்ல."

"எவ்வளவு தூரம் நடந்தா கால் வலிச்சு நிக்கிறீங்க?"

"தொறையிலேர்ந்து டச்சுக் கல்லறை வரைக்கும் சார். ஒரு வருஷமா."

ஒரு வருஷமாகக் கல்லறைச் சுவர் அருகே வந்ததும் நின்று, "அந்தக் கல்லுல இன்னா எழுதிக்கிது, படிச்சு சொல்லு" என்பாயே! நான் படிப்பதைக் கேட்கத்தான் நிற்கிறாய் என்று நம்பினேன். அர்த்தம் தெரியாத டச்சு எழுத்துகளை நோட்டில் பார்த்துப் பார்த்து வரைந்தேன். நீ "அப்டியா, அப்டியா" என்று கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். என் கண்ணெதிரேதான் தேய்த்தாய், நைனா. நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, அடைப்புக்கு மேலே ஒரு முனையும் கீழே ஒரு முனையுமாகத் தைக்கப்போவதாக டாக்டர் படம் வரைந்து காட்டினார். "முகத்துவாரத்த மணல் மூடினா நாங்க பக்கத்துல வெட்டிவுடற மாரி" என்றாய். டாக்டர் சிரித்துவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்ததும் உன் பாதத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, என் விரல்களைப் பிடித்து அங்கே வைத்தார். சின்ன மீன் தூண்டிலைக் கொத்துவது போலத் துடித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பேன்.

"இன்னாடி, துடிப்பு கீதா?"

"கீது நைனா."

"ஓடிப் போயிட்டா சொல்லு, வல போட்டுப் புடிக்கலாம்."

புண் ஆறியது. பீடியை விட்டாய். ஒருநாள் கல்லறைச் சுவரைத் தாண்டி நிற்காமல் நடந்தாய். "படிச்சது போதும், நட" என்று என்னை விரட்டினாய். இதயத்தையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அன்று பள்ளிக்கு ஆட்கள் வந்து என்னை அழைத்துப் போனார்கள். துறையில் படகோரம் உன்னைப் படுக்க வைத்திருந்தார்கள். "நெஞ்சு அடைக்குது, கேஸ்தான்னு சொன்னாரு. சோடா வாங்கறதுக்குள்ள..." என்றார் உன் கூட்டாளி. அம்மா உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நேரே காலுக்குத்தான் ஓடினேன். பாதம் கதகதப்பாக இருந்தது. துடிப்பு மட்டும் இல்லை. "தையல் அடச்சிக்கிச்சு! வண்டிய கூப்புடுங்க!" என்று கத்தினேன். எல்லாரும் என்னை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று வெகுநேரம் எனக்குப் புரியவில்லை. டாக்டர் தைத்தது கெடவில்லை. நின்றுபோனது உன் இதயம். காலையே காவல் காத்த நான் அதை நினைக்கவே இல்லை.

இன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மணல் வைத்தது நான்தான் என்று. மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்டி. ஒன் நைனா ஆஸ்பத்திரிலயே சொன்னாரு. 'பொண்ணு அதுவா வாயத் தொறக்கற வரிக்கும் நீ கேக்காத'ன்னாரு."

நீ எனக்காக டாக்டரிடம் சொன்ன பொய் இனி எனக்கு வேண்டாம். நீ அதைச் சொன்னாய் என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், நைனா.